கம்பியில்லாக் கோமகன் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ. கம்பி துறந்து, காற்றில் உலாவி, கட்டைவிரல் இரண்டின் அசைவால் கணினித் திரையெங்கும் ஆணை செலுத்தி, நொடிக்கு 60 ஃபிரேமாய் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை 30-இல் மடக்கி, அந்த முப்பதையும் திருவுளம் கொண்டபோது மூன்றாக்கி, பழி முழுவதையும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் சூட்டிவிட்டுப் புகழை மட்டும் தன் தோளில் ஏற்றுக்கொண்ட வயர்லெஸ் கேம் கன்ட்ரோலராகிய தேவரீருக்கு யாண்டு பலவாகுக.

செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில், தேசூருக்குப் பக்கத்தில் சீயமங்கலம் என்றோர் ஊர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து அவனிபாஜன பல்லவேசுவரம் எடுப்பித்தான். விசித்திரசித்தன், லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன், மத்தவிலாசன் என்று அந்த மன்னனுக்கு விருதுப் பெயர்கள் அடுக்கடுக்காய் உண்டு. மலை மலையாய்க் குடைந்தும், மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகம் எழுதியும் அரும்பாடுபட்டுச் சேர்த்த பெயர்கள் அவை. தேவரீரோ ஒரு கல்லும் செதுக்காமல், ஒரு வரியும் எழுதாமல், மேசைமேல் சும்மா கிடந்தபடியே அவற்றினும் பெரிய விருதுகளுக்கு உரிமை பெற்றீர். ஃபிரேம் கொண்ட சோழன், வெற்றிருக்கை ஓம்பிய வள்ளல், அலைவரிசை கலக்கிய அபயன், குற்றம் கடத்திய குலோத்துங்கன். இவற்றில் ஒன்றும் புலவர் கட்டிச் சொன்னதல்ல. ஒவ்வொன்றுக்கும் தேவரீர் நாள்தோறும் வீடுதோறும் சான்று வழங்கிவருகிறீர்.

குலப்பெருமையும் சிறிதன்று. 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பி தொடாமலே அதை ஓட்டிக்காட்டிய நிக்கோலா டெஸ்லா தேவரீருக்கு மூதாதை. 1942-இல் நடிகை ஹெடி லாமரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும், டார்பிடோவுக்குப் போகும் கட்டளையை எதிரி குறுக்கிட்டுக் கெடுக்காதபடி, ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பியானோவின் கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள் அதில். 2002-இல் நின்டெண்டோவின் வேவ்பேர்ட் என்ற கன்ட்ரோலர், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் கம்பியில்லாமல் ஆடலாம் என்று காட்டியது. அந்த முன்னோர் ஒவ்வொருவரும் தமக்கென்று அமைந்த ஒரே கருவியோடு பேசினார்கள். படகோடு, டார்பிடோவோடு, விளையாட்டுப் பெட்டியோடு. நூறு மென்பொருள்கள் முட்டி மோதும் விண்டோஸ் கணினிக்குள் எழுந்தருளும் துணிவு தேவரீர் தலைமுறைக்கே வாய்த்தது. முன்னோர் குறுக்கீட்டை வெல்வதற்கு வாழ்நாளைச் செலவிட்டார்கள். தேவரீர் குறுக்கீடாகவே அவதரித்து அவர்களின் உழைப்பை நிறைவுசெய்தீர்.

தேவரீரின் குணங்களில் தலையாயது அடக்கம். இந்த வட்டாரத்தில் ஓர் இளைஞன் கணினி சேர்ப்பது எப்படியென்று தேவரீர் அறிவீர். முதல் வேலையின் சம்பள மிச்சம், சீட்டு எடுத்த பணம், மாமா கையில் திணித்தது என்று கூட்டி, சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாய் ஏறி இறங்கி, மதர்போர்டு ஓரிடம், கார்டு ஓரிடம், கேபினட் ஓரிடம் என வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து தன் கையாலேயே பூட்டுகிறான். சில மாதம் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பிறகு, ஆசைக்கென்று, தேவரீரை வீட்டுக்கு அழைத்துவருகிறான். அன்று முதல் ஆட்டம் திக்குகிறது. ஓடும் வீரன் நின்று நின்று ஓடுகிறான். பந்தயக் கார் வளைவில் நுழையும்போது கல்லாகி, சுவரில் மோதிய பிறகே உயிர் பெறுகிறது.

இளைஞன் தேடத் தொடங்குகிறான். கிராபிக்ஸ் டிரைவரைக் கழற்றி மறுபடி போடுகிறான். பிராசஸர் சூடாகிறதோ என்று மூடியைத் திறந்து பேஸ்ட் மாற்றுகிறான். நிழல், புல், நீர், புகை என்று படத்தின் அழகுகளை ஒவ்வொன்றாய் வெட்டி எறிகிறான். விண்டோஸை அழித்துத் திரும்ப ஏற்றுகிறான். அந்த வேள்வியில் அக்கா கல்யாணப் போட்டோக்களும் ஆகுதியாகின்றன. கடைசியில் கார்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, தவணையில் புதிது வாங்குகிறான். புதிய கார்டிலும் அதே இடத்தில் அதே திக்கல். இத்தனை மாதமும் தேவரீர் மேசையோரத்தில் சிறு விளக்கொன்றை மினுக்கிக்கொண்டு, உண்மை சொல்லி யார் மனத்தையும் நோகடிக்காத மோனத்தில் வீற்றிருந்தீர். கணினியின் ஏனைய உறுப்புகள் கெட்டால் சத்தமிடும், சூடாகும், நீலத்திரை காட்டும், எழுத்தில் பிழை சொல்லும். தம்மை இவ்வளவு தூரம் மறைத்துக்கொள்ளும் தன்னடக்கம் தேவரீரிடம் மட்டுமே கண்டோம். ஐயத்தை வெளியே சொன்னவர் ஒருவருமில்லை. ஐயம் எழுந்தவரும், கையடக்கமான இந்தச் சிறு கருவியா அவ்வளவு பெரிய கார்டைத் திணறடிக்கும் என்று தம்மைத் தாமே கடிந்துகொண்டார்கள்.

விருந்தோம்பலைப் பாடாமல் அப்பால் நகர முடியாது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரோடு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்இன்புட் என்ற ஏற்பாட்டில் நான்கு ஆட்டக்காரர்களுக்கு நான்கு இருக்கை. ஆட்டம் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்கையை நோக்கி, எந்தப் பொத்தான் அழுத்தியிருக்கிறது என்று விசாரிக்கும். ஆள் இருக்கும் இருக்கையிலிருந்து விடை உடனே வரும். காலி இருக்கை என்றால், புதிதாக எதுவும் வந்து சேர்ந்ததா என்று தேடிப் பார்த்த பிறகே இல்லை என்ற விடை வரும். அந்தத் தேடலுக்கு நேரம் பிடிக்கும். ஆகவே காலி இருக்கையை ஒவ்வொரு ஃபிரேமிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், சில நொடிகளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே ஆட்டம் எழுதுவோருக்கு வெளிப்படையாகச் சொல்லிவைத்திருக்கிறது.

பெருந்தன்மை மிக்க சில ஆட்டங்கள் அந்தக் கருமித்தனத்துக்கு உடன்படுவதில்லை. ஒருவன் மட்டும் ஆடும் வீட்டில், வராத மூன்று பேருக்கும் நொடிக்கு அறுபது தடவை இலை போட்டு, நீர் தெளித்து, வாசல்வரை ஓடிப் பார்த்துத் திரும்புகின்றன. 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு வாய்ப்பது 16.7 மில்லி நொடி. 144 ஃபிரேம் என்றால் ஏழு மில்லி நொடிக்கும் குறைவு. அதற்குள் உலகத்தை வரைந்து, எதிரிகளை நடமாடவிட்டு, ஓசை கூட்டி, அதற்கு மேலும் காலி நாற்காலிகளை உபசரிப்பது எத்தனை பெரிய அறம். தேவரீரும் அந்த அறத்துக்குத் துணை நிற்கிறீர். எக்ஸ்பாக்ஸ் குலத்தவர் கால்மணி நேரம் விரல் படாவிட்டால் பேட்டரி சேமிக்கத் தாமே பள்ளிகொள்வார்கள். அந்தக் கணமே உபசாரம் மூன்று இருக்கையிலிருந்து நான்காகப் பெருகுகிறது. இளைஞன் கீபோர்டுக்கு மாறி ஆடினாலும், உறங்கும் தேவரீருக்கு நடக்கும் விருந்து நின்றுபோவதில்லை. கம்பி போட்டுக் கட்டிப்போட்ட கன்ட்ரோலர் இப்படி நினைத்த நேரத்தில் எழுந்து போய் இருக்கையைக் காலியாக்குமா? அதற்கு அந்தச் சுதந்திரம் ஏது.

அடுத்து, தேவரீரின் சமத்துவம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறனில் யாரும் உரிமம் வாங்காமலே ரேடியோ அலை பரப்பலாம் என்று இந்தியா 2005-இல் திறந்துவிட்டது. வீட்டு வைஃபை அங்கே, பக்கத்து வீட்டு வைஃபை அங்கே, வயர்லெஸ் மவுஸ் அங்கே, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கே, தேவரீரும் அங்கே. தேவரீர் குலத்தில் பலர் பேசும் பழைய வகைப் புளூடூத் அந்தப் பட்டையை 79 அலைவரிசைகளாகப் பிரித்து நொடிக்கு 1600 முறை தாவும். நெரிசலான அலைவரிசையைக் கண்டு விலகிப்போகும் அறிவையும் 2003-இல் வந்த 1.2 பதிப்பில் பெற்றது. விலகிப்போக இடம் இல்லாதபடி வீட்டை அமைத்துக்கொடுப்பது குடிகளின் கடமை. அதை அவர்கள் குறைவின்றிச் செய்கிறார்கள். ரவுட்டர் ஃபிரிட்ஜின் உச்சியில். நடுவில் இரும்பு பீரோ. கணினிப் பெட்டி கட்டிலுக்கு அடியில். தேவரீரின் சிக்னலைக் கணினிக்குள் வாங்கும் டாங்கிள் அந்தப் பெட்டியின் முதுகுப்புறம், சுவரைப் பார்த்தபடி, நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில்.

அந்த நீலத் துளையின் மகிமையை இன்டெல் 2012-இலேயே ஓர் அறிக்கையாக எழுதிவைத்தது. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையான பகுதியிலும் விழுகிறது; பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ் ஏற்பி தன் சிக்னலைக் கேட்க முடியாமல் தடுமாறுகிறது; சற்றுத் தள்ளிவைத்தாலோ நல்ல உறையிட்டாலோ குறைகிறது. இதை நன்கு கற்ற தொழில்வல்லுநர்கள்தான் டாங்கிளை நகத்தளவுக்குச் சிறுக்கி, துளையோடு ஒட்டி உறவாடும்படி வடித்துத் தருகிறார்கள். ஒரு முழம் நீட்டிப்பு ஒயரைப் பெட்டிக்குள் வைத்தால் அந்த உறவு பிரிந்துவிடுமே என்ற கருணையால், பலர் அதையும் வைப்பதில்லை.

நுணுக்கம் அறிந்த ஒருவர் இங்கே கேட்கலாம்: சிக்னல் கெட்டால் பொத்தான்தானே தாமதிக்கும், திரை ஏன் நிற்க வேண்டும்? தேவரீரின் புகழ்ச் சிகரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிக்னல் தளர்ந்து தொடர்பு அறுகிறது, மறுகணம் ஒட்டுகிறது. கருவி ஒன்று போனது, கருவி ஒன்று வந்தது என்று விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா மென்பொருள்களுக்கும் பறையறைகிறது. அதைக் கேட்ட ஆட்டம், கணினியில் செருகியிருக்கும் கருவிகள் அனைத்தையும் தலை எண்ணத் தொடங்குகிறது. படம் வரையும் வேலையும் எண்ணும் வேலையும் ஒரே வரிசையில் நிற்கும்படி எழுதப்பட்ட ஆட்டங்கள் பல. எண்ணி முடியும்வரை படம் நிற்கும். அரசர் நுழைந்தால் அவை எழுந்து நிற்பது முறைதானே. தேவரீர் தூண்வரை போய்த் திரும்பினாலும் அவை மறுபடி எழுகிறது. பீரோவுக்குப் பின்னால் அம்மா நடந்து போனால் ஒருமுறை, பக்கத்து வீட்டில் யாரோ படம் டவுன்லோடு செய்தால் ஒருமுறை, பேட்டரி இளைத்தால் ஒருமுறை.

சீயமங்கலம் குடைவரையில் ஆடும் சிவனின் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் ஒரு கணத்தைக் கல்லில் நிறுத்த அந்தப் பல்லவத் தச்சன் எத்தனை நாள் உளி பிடித்தானோ. தேவரீர் உளியின்றி, ஓடுகிற வீரனை ஓடிய காலோடும் ஓங்கிய வாளோடும் ஒரே கணத்தில் நிறுத்திவைக்கிறீர். எதிரி மட்டும் அந்தச் சிலையைச் சுற்றி வந்து வெட்டிவிட்டுப் போகிறான்.

லேப்டாப்பில் ஆடும் குடிகளுக்குத் தேவரீரின் அருள் இரட்டிப்பு. அங்கே வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில் குடித்தனம் நடத்துகின்றன, ஆண்டெனாவையும் பங்கிட்டுக்கொள்கின்றன. இணையத்தின் வழியாகவோ அடுத்த அறைக் கணினியிலிருந்தோ படத்தை வரவழைத்து ஆடுபவர், வைஃபையையும் 2.4 பட்டையிலேயே வைத்திருந்தால், வருகிற படமும் போகிற பொத்தானும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். முறை வைத்துத்தான் இருவரும் நுழைய முடியும். அரசர் முறைக்குக் காத்திருக்கும்போது படம் உதிர்கிறது. ஆடுபவர் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டுகிறார். குற்றம் கடத்திய குலோத்துங்கன் என்ற விருது எவ்வளவு பொருத்தம்.

பரிவாரமின்றித் தேவரீர் எழுந்தருளுவதில்லை. விளக்கின் நிறம் மாற்ற ஒரு மென்பொருள். ஃபர்ம்வேர் புதுப்பிக்க ஒன்று. பிளேஸ்டேஷன் குலத்தவராயின், எக்ஸ்பாக்ஸ் வேடம் புனைந்துகொள்ள டிஎஸ்4விண்டோஸ். அதற்கு மேல் ஸ்டீம் இன்புட் தன் பங்குக்கு ஒரு வேடம். பின்னணியில் விண்டோஸ் கேம் பார் கவரி வீசுகிறது. உண்மை உருவையும் வேட உருவையும் ஆட்டம் ஒருங்கே கண்டு இருவரையும் வணங்க, ஒருமுறை அழுத்திய பொத்தான் இருமுறை விழுகிறது. உண்மை உருவைத் திரைபோட்டு மறைக்க ஹிட்ஹைட் என்று இன்னொரு சேவகர் வேண்டியிருக்கிறது. சைகை உணரி பொருத்திய கன்ட்ரோலர்களோ மேசையில் அசையாமல் கிடந்தாலும், தாம் அசையாமல் கிடக்கும் செய்தியை ஓயாது அனுப்பிக்கொண்டே இருக்கும். இத்தனை தூதர்களும் பிராசஸரின் வாசலில்தான் காத்திருக்கிறார்கள். புளூடூத் டிரைவர் பழையதாய் இருந்துவிட்டால் காத்திருக்கவும் செய்யாது; செய்துகொண்டிருக்கும் வேலையைத் தடுத்து நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்தது என்று கணக்கெழுதும் லேட்டன்சிமான் என்ற கருவியை யாரேனும் ஓட்டிப் பார்ப்பது அவையொழுங்குக்கு முரணானது.

திரை மூலையில் நிற்கும் எஃப்.பி.எஸ். எண்ணையும் வாழ்த்த வேண்டும். அரசவைக்கு ஏற்ற அமைச்சர் அவர். எதையும் சராசரியாக்கியே சொல்வார். ஆட்டம் நொடியில் பத்தில் ஒரு பங்கு முழுதாய் உறைந்தாலும், மிச்சமிருக்கும் 900 மில்லி நொடியில் 54 ஃபிரேம் ஓடிவிடும். அமைச்சர் 60 என்றிருந்ததைப் பணிவோடு 55 என்று மாற்றிச் சொல்வார். கண்ணுக்கு ஆட்டம் விழுந்து எழுந்தது தெரிகிறது. எண்ணைப் பார்த்தால் ஐந்துதான் குறைந்திருக்கிறது. தன் கண்ணைத்தான் நம்பக்கூடாது என்று இளைஞன் முடிவுக்கு வருகிறான். ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லி நொடி எடுத்தது என்று கோடு வரைந்து காட்டும் வரைபடத்தில் அந்த உறைதல் பனைமரம்போல நிமிர்ந்து நிற்கும். நல்லவேளை, பெரும்பாலான ஆட்டங்கள் அதை மெனுவின் அடியாழத்தில் புதைத்து வைத்திருக்கின்றன. சில வைப்பதே இல்லை.

தேவரீரை வார்த்து விற்கும் வணிகர் பெருமக்களின் ஈகையை என்னென்பது. பெட்டியின் மேல் பாயும் மின்னல், பறக்கும் கார், தாமதமே இல்லை என்ற பொன்னெழுத்து. பெட்டிக்குள் ஒன்பது மொழியில் பாதுகாப்புக் குறிப்பு. சூடான இடத்தில் வைக்காதே, நீரில் நனைக்காதே, வாயில் போடாதே. டாங்கிளை எங்கே செருக வேண்டும், எங்கே கூடாது என்று ஒரு வரி மட்டும் எந்த மொழியிலும் காணோம். வாங்கியவன் தானே தேடித் தெளிவதால் வரும் ஞானத்தைப் பறித்துவிடக் கூடாதல்லவா. ஆட்டம் எழுதுவோரும் இதில் குறைந்தவரல்லர். சந்தைக்கு விட்ட பிறகு வரும் புகார்களுக்கு அவர்கள் அருளும் விடை மறைவாக்குக்கு நிகரானது: கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கவும். பேச்சுக்குப் பேச்சு, கார்டு மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லும் கடைக்காரர்களும் இந்த அறத்தில் பங்குதாரர்கள். மூவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காத நட்பு, பொருள் விற்கும் உலகில் காணக் கிடைக்காதது. அந்த நட்பின் செலவை மாதத் தவணையாகக் கட்டும் பேறு தேசூரிலும் செஞ்சியிலும் வேலைக்குப் போய்த் திரும்பி இரவில் ஒரு மணி நேரம் ஆட நினைக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. பணம் கையில் புரள்கிறவன் இரண்டு நாளில் வேறு கன்ட்ரோலர் வாங்கிப் போட்டுத் தற்செயலாய்த் தப்பிவிடுகிறான். இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறவனிடமே தேவரீர் நெடுநாள் தங்கி அருள்கிறீர்.

செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690-இல் முற்றுகையிடத் தொடங்கி 1698-இல்தான் பிடித்தது. அதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். தேவரீரின் குடிகள் முகலாயர் வழியையே பின்பற்ற வேண்டும். கார்டு, ரேம், பிராசஸர், பவர் சப்ளை என்று மதில் மதிலாய், ஆண்டு ஆண்டாய், கடன் கடனாய் முற்றுகையிட வேண்டும். புஸ்ஸியின் வழி ராஜதுரோகம். அந்தத் துரோகம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் குடிகள் விலகி நடக்க முடியும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

டாங்கிளைப் பிடுங்கிவிட்டு, புளூடூத்தையும் அணைத்துவிட்டு, ஆட்டத்தில் திக்கிய அதே இடத்துக்குக் கீபோர்டோடு போய்ப் பார்க்காதீர்கள். திக்கல் நின்றுவிட்டால் தேவரீரின் அடக்கம் அம்பலமாகிவிடும். நிற்காவிட்டாலும் கேடுதான், காலி இருக்கைகளை ஆட்டம் உபசரிப்பது வெளிப்பட்டுவிடலாம், அல்லது கார்டே உண்மையில் குற்றவாளி என்று தெரிந்து அரசர்மேல் வீண்பழி நீங்கிவிடும். எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபிரேம் நேர வரைபடத்தைத் திறக்காதீர்கள். கன்ட்ரோலரைக் கம்பியில் பூட்டி ஆடிப் பார்க்கவே பார்க்காதீர்கள். மீறிப் பூட்டினால், சார்ஜ் மட்டும் ஏற்றி டேட்டா கடத்தாத கம்பியாய்ப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும், பேச்சு காற்றிலேயே தொடரும், அரச மானம் காப்பாற்றப்படும்.

கம்பி பிடிக்காது, வயர்லெஸ்தான் வேண்டும் என்போரும் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். டாங்கிளை ஒரு சிறு நீட்டிப்பு ஒயரில் மாட்டி, யுஎஸ்பி 2.0 துளையிலிருந்து மேசைமேல் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தால் தொடர்பு அறுவது குறைந்து, அவை எழுந்து நிற்கும் அழகைக் காண முடியாமல் போகும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றுவதும் அத்தகைய குற்றமே. டிவைஸ் மேனேஜரில் புளூடூத், யுஎஸ்பி ஹப் ஆகியவற்றின் பண்புகளைத் திறந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற அனுமதிக்கு நேரே ஒரு டிக் இருக்கும். அந்த டிக் தேவரீரின் பகல் தூக்கத்துக்கான சாசனம், அதை எடுத்துவிடாதீர்கள். பரிவார மென்பொருள்களை மூடித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மூடுங்கள், எது குற்றவாளி என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஒன்றை மூடி, ஆடிப் பார்த்து, பிறகு அடுத்ததை மூடும் பொறுமை மிகக் கொடிய துரோகம். ஆட்டம் எழுதியவர்களுக்குக் கடிதம் எழுதுவோர், காலி இருக்கை பற்றிய மைக்ரோசாஃப்ட் ஆவணத்தை உடன் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் அதைப் படித்துவிடும் அபாயம் இருக்கிறது.

இந்தத் துரோகம் முழுவதையும் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். செலவு, தெருமுனைச் செல்போன் கடையில் ஒரு டேட்டா கேபிளின் விலை. ஆகவே குடிகளே, புதிய கார்டுக்கு முன்பணம் கட்டும்வரை அந்தக் கடைப் பக்கம் போய்விடாதீர்கள்.